மூன்றாவது கதிரை

டொக்டர் வீட்டு முன்கூடத்தில் மூன்று கதிரைகள் இருந்தன. இரண்டு ஜன்னலோரமாக, எதிரும் புதிருமாக. மூன்றாவது அலுமாரிக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, கைப்பிடி இல்லாதது. முதல் நாளே டொக்டரின் மனைவி, டொக்டரம்மா, அதைக் காட்டி, அதுதான் என் இடம் என்றார். யாராவது ஆண்பிள்ளை அவருடைய மகளைப் பார்க்க வந்தால் நான் அதில் உட்கார வேண்டும். கையில் பின்னல் வேலை இருக்க வேண்டும். பேச்சில் சேரக் கூடாது. ஆனால் பேச்சு நின்றுபோய் மௌனம் நீண்டால் இருமலாம். எழுந்து போக மட்டும் எந்தக் காரணமும் ஏற்கப்படாது. வீடு தீப்பிடித்தால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. பிற்காலத்தில் தலைமையாசிரியையாக இருந்து எத்தனையோ சுற்றுநிருபங்களை வாசித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அவ்வளவு தெளிவான விதிமுறையை அதன்பிறகு நான் கண்டதில்லை.

அது முப்பதுகளின் தொடக்கம். எங்கள் வீடு கண்டியில், மஹய்யாவையில். அப்பா நகரசபையில் பியோன். அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். கன்னியர் மடத்தில் என்னை இலவசமாகப் படிக்க வைத்தார்கள். படிப்பு முடிந்தபோது ஆசிரியப் பயிற்சிக்கு வயது போதவில்லை. வயது வரும்வரை நல்ல வீடொன்றில் இருக்கட்டும் என்று மடத்துத் தாயார் என்னை டொக்டர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வேலைக்காரி அல்ல. சொந்தக்காரியும் அல்ல. துணைப்பிள்ளை. சமையற்கட்டில் சாப்பிட வேண்டியதில்லை, ஆனால் மேசையிலும் கூப்பிட மாட்டார்கள். எல்லாரும் எழுந்தபிறகு அதே மேசையில் தனியாகச் சாப்பிடலாம்.

பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க மூன்று தேவைகள். பரீட்சையில் தேறியிருக்க வேண்டும், வயது வந்திருக்க வேண்டும், நன்னடத்தைக்குப் பங்குச் சுவாமியார் சான்றிதழ் தர வேண்டும். முதலாவது கையில் இருந்தது. இரண்டாவது தானாக வரும். மூன்றாவது ஊர் வாயில் இருந்தது.

டொக்டர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்; அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, வாவிக்கு மேலே மலைச்சரிவில் வீடு கட்டி, முன்னறையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காதும் மந்தம், வீட்டு விஷயங்களில் அக்கறையும் மந்தம். ஒரே மகள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வீட்டுக்குள் அவளை அக்கா என்று அழைக்க எனக்கு அனுமதி உண்டு. வீதியில் மிஸ் என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்கு யாழ்ப்பாணத்திலேயே மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். அவர் கொழும்பில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒருமுறை வந்து ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து, கண்டியில் மழை அதிகம் என்றார். அவள் ஓம் என்றாள். நான் பலமுறை இருமினேன்.

தினமும் மாலையில் நாங்கள் இருவரும் வாவியைச் சுற்றி நடந்து வருவோம். அவள் முன்னால், நான் ஓரடி பின்னால். சில மாதங்களில் அந்த நடை திசை மாறியது. வாவிக் கரையை விட்டு, உடவத்தைக் காட்டுக்குள் ஏறும் பாதையில் அவள் திரும்பினாள். வெள்ளைக்காரத் துரைசானிகள் உலாவுவதற்காக வெட்டிய பாதைகள் அவை. எங்களுக்காக வெட்டியவை அல்ல. மரங்களுக்கு உள்ளே எப்போதும் ஈரம். நாலு மணிக்கே இருட்டிவிடும். முதல் வளைவில் ஒரு கல் இருக்கை. அதில் ஒருவர் காத்திருந்தார்.

ஹந்தானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கராக, தொழிற்சாலைப் பொறுப்பாளராக இருந்தவர். தொழிற்சாலையில் கை நசுங்கிய ஒருவரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்தபோது தொடங்கிய பழக்கம். என் வீட்டாரைப் போலவே இந்தியாவிலிருந்து வந்த குடும்பம், கத்தோலிக்கர், ஒழுங்கான கோட்டு, தொப்பி. கிட்டே வந்தால் தேயிலை வாசம். அவர்கள் பேசுவார்கள். நான் வளைவுக்கு இப்பால் நின்று பாதையைப் பார்ப்பேன். காட்டுக்குள் கதிரை இல்லாததால் விதிமுறை எதுவும் இல்லை. குரங்குகள் கிளையை உலுக்கும்போதெல்லாம் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். யாரும் வரவில்லை. அது இன்னும் மோசம். வராதவர்கள்தான் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்.

எங்களைக் காட்டிக்கொடுத்தது அட்டை. வாவிக் கரையில் அட்டை கிடையாது. ஒருநாள் டொக்டரம்மா மகள் காலில் போட்டிருந்த வெள்ளை மேசோட்டில் காய்ந்த இரத்தத்தைப் பார்த்தார்; பிறகு என் பாதத்தைப் பார்த்தார்; அங்கேயும் இரத்தம். எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்தபோது, மாதா சபைப் பெண்களில் ஒருத்தி கோயில் வாசலில் வைத்து, உங்கட மகள் காட்டுப் பக்கம் நடக்கிறவவோ, தொப்பி போட்ட ஒரு ஆளும் அந்தப் பக்கம் வாறாராம், ஆர் அவர் என்று சிரித்தபடி விசாரித்தாள். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

டொக்டரம்மா கண் இமைக்கவில்லை. "அது எங்கட பிள்ளைக்கு இல்லை. இந்தப் பிள்ளைக்கு. இவவின்ர ஆக்கள்தான். நல்ல பொடியன். மகள் துணைக்குப் போறவ, அவ்வளவுதான்."

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அதுதான் பொருத்தமான நடத்தையும்கூட.

வீட்டுக்கு வந்ததும் டொக்டரம்மா என்னை மட்டும் அழைத்தார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு ஒரு தீங்கும் வராது, கொஞ்ச நாள் பேச்சு, பிறகு அடங்கிவிடும் என்றார். "உமக்கென்ன பிள்ளை நட்டம்? ஆர் கேட்டாலும் தலையைக் குனிஞ்சுகொண்டு நில்லும். மிச்சத்தை நான் பாப்பன்."

மிச்சத்தைப் பார்க்க அவர் கையாண்ட வழியை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு. அப்படிப்பட்ட குடும்பங்களில் மட்டுமே நடக்கக்கூடிய பிழை அது. காட்டில் சந்திப்பது கேவலம். வீட்டுக்கு வந்து முறையாகச் சந்தித்தால் அதே விஷயம் கௌரவம். ஆகவே எனக்கென்று சொன்னவரை, எனக்காகவே, ஞாயிறுதோறும் தேநீருக்கு அழைத்தார். நானும் அவரும் ஜன்னலோரக் கதிரைகளில். வயது வந்த பெண்ணும் ஆணும் தனியாக இருக்கக் கூடாது என்பது வீட்டு விதி. எனவே மூன்றாவது கதிரையில் துணைக்கு ஒருவர் வேண்டும். வேறு யார்? மகளை உட்கார வைத்தார்.

மகளை அவரிடமிருந்து காப்பாற்ற, அவரை மகளின் கதிரைக்கு எட்டடி கிட்டே கொண்டுவந்து, அவள் கையில் பின்னல் ஊசியும் கொடுத்து, உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. தான் சொன்ன பொய்யைத் தானே நம்பத் தொடங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் கூடத்தில் சிரிப்புக் கேட்கும்போதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து அப்படித் திருப்தியாகச் செருமியிருக்க மாட்டார்.

டீமேக்கர் என்னிடம் பேசுவார். கண் என் தோளுக்கு மேலாக அலுமாரிப் பக்கம் போகும். இந்த வாரம் கொழுந்து நல்லாயிருந்துச்சுங்க என்பார். அலுமாரிப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு வரும். அவளுக்குப் பின்னல் வராது. நூல் மடியில் சிக்கிக் கிடக்கும். பேச்சு நின்றால் அவள் இருமுவாள். விதியை ஒழுங்காகப் படித்திருந்தாள். பொருத்தமாக இருக்க வேண்டும் என்று டொக்டரம்மா எனக்கு மகளுடைய பழைய லேஸ் சேலை ஒன்றைத் தந்திருந்தார். அதைக் கட்டிக்கொண்டு, அவளுடைய கதிரையில், அவளுடைய ஆளுக்கு முன்னால், நான் தேநீர் ஊற்றினேன்.

முதலில் எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. பிறகு குறையத் தொடங்கியது. சந்தையில் எனக்குத் தெரியாத பெண்கள் எப்போது என்று கேட்டார்கள். மஹய்யாவைக்குப் போனால் அப்பா எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். டீமேக்கர் என்றால் சும்மாவா, தோட்டத்தில் தனி பங்களா கொடுப்பார்களே என்றார். பூசைக்குப் பிறகு சுவாமியார் என்னை நிறுத்தி, உன்னைப் பற்றிக் கேள்விப்படுகிறேன் மகளே என்றார். இத்தாலிக்காரர், தமிழைப் புத்தகத்தில் படித்துப் பேசுகிறவர். நல்லபடியாகவா கேள்விப்படுகிறார், கெட்டபடியாகவா என்று அவர் சொல்லவில்லை. பெயர் என்பது நம்முடையது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதை மற்றவர்கள் வைத்திருக்கிறார்கள், நமக்கு எப்போதாவது கொஞ்சம் காட்டுகிறார்கள் என்பது அப்போது விளங்கத் தொடங்கியது. பயிற்சிப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பிக்கும் காலமும் அந்த மாதத்தோடு முடிய இருந்தது.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் மாப்பிள்ளை வீட்டார் வருவதாகக் கடிதம் வந்தது. டொக்டரம்மாவுக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. பேச்சாக இருப்பது எப்போது வேண்டுமானாலும் திரும்பிக் கடிக்கலாம். கலியாணமாகி முடிந்தால் அடங்கிப்போகும். எனக்கும் டீமேக்கருக்கும் ஓலை வாசிப்பதென்று முடிவெடுத்தார். கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களைச் சுவாமியார் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். எங்கள் பக்கம் அதற்கு அப்படித்தான் பெயர், ஓலை என்று ஒன்றை யாரும் கண்டதில்லை என்றாலும். அப்பாவிடம் கேட்டாயிற்று. அவர் கேட்டவுடன் சம்மதம். என்னிடம் கேட்பது முறையில் இல்லை.

அந்த வாரம் ஒரு பிற்பகல், தலை பின்னிவிட அக்கா என்னைக் கூப்பிட்டாள். கண்ணாடியில் பார்த்தபடியே பேசினாள்.

"நீர் ஓமெண்டு மட்டும் சொல்லும். மிச்சம் எங்கட பாடு."

திட்டம் சுருக்கமானது. மூன்று ஞாயிறும் ஓலை வாசிக்கட்டும். யாருக்கும் சந்தேகம் வராது. கலியாணத்தன்று காலை வீடு முழுக்க என்னைச் சோடிப்பதில் இருக்கும். அந்த நேரத்தில் அவள் ரயில் நிலையத்துக்குப் போவாள். என் மாப்பிள்ளையாக வேண்டிய டீமேக்கரும் கோயிலுக்கு வராமல் அங்கே வருவார். கொழும்பில் பதிவுத் திருமணம்.

"நானு?" என்றேன்.

"நீரென்ன?"

"நான் கோயில்ல நிப்பேனே அக்கா. எல்லார் முன்னாலயும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அதை அவள் யோசித்திருக்கவே இல்லை. அது நடிப்பல்ல, எனக்குத் தெரியும். "உமக்கு அது ஒரு நாள் வெக்கம். நீர் படிப்பிக்கப் போற ஆள்தானே. எனக்கு இது சீவியம்" என்றாள். பின்னலை இறுக்கிக் கட்டச் சொன்னாள்.

கலியாணத்தன்று மாப்பிள்ளை வராமல் கோயிலில் நின்ற பெண்ணுக்கு எந்தச் சுவாமியாரும் நன்னடத்தைச் சான்றிதழ் எழுத மாட்டார். சரி, இப்போதே மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டும், ஏன் போனேன் என்பதற்கு ஒரு கதையும் அவர்களே கட்டிவிடுவார்கள். அதிலும் சான்றிதழ் போகும். உண்மையைச் சொல்லலாம் என்றால் யார் நம்புவார்கள்? ஞாயிறுதோறும் லேஸ் சேலை கட்டித் தேநீர் ஊற்றியவள் நான்தானே. எந்த வாசலைத் திறந்தாலும் அதே அறைக்குள்தான் போனது.

ஓலைக்குப் பெயர் கொடுக்கும் நாளில் மழை. டொக்டரம்மாவும் நானும் ரிக்‌ஷாவில் சுவாமியார் இல்லத்துக்குப் போனோம். டீமேக்கர் முன்பே வந்திருந்தார். ஒரு விதியை டொக்டரம்மா மறந்திருந்தார், அல்லது பொருட்படுத்தவில்லை. ஓலைக்கு முன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சுவாமியார் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்க வேண்டும். மூன்றாவது ஆள் இருக்கக் கூடாது. துணைக்குக்கூட. இரண்டு வருடங்களில் நான் அறிந்த வீட்டு விதிகளுக்கெல்லாம் நேர் எதிரான விதி.

டீமேக்கர்தான் முதலில் உள்ளே போனார். சீக்கிரமே வெளியே வந்தார். டொக்டரம்மா விறாந்தையின் மறுகோடியில் குடையை உதறிக்கொண்டிருந்தார். நடையில் என்னைத் தாண்டும்போது அவர் நின்று, தொப்பியைக் கையில் சுழற்றியபடி மெதுவாகச் சொன்னார்:

"ஆமான்னு சொல்லிட்டேங்க. நீங்களும் சொல்லிடுங்க. அங்க அவங்களோட சரியா வரலேன்னா இங்கயாவது நிக்கும்."

கெட்ட மனிதனைப் போல அதைச் சொல்லவில்லை. இரண்டு தட்டுக் கொழுந்தில் எது நன்றாகப் புளித்திருக்கிறது என்று பார்க்கிற தொழிற்காரரின் நிதானம். அன்றுதான் முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

உள்ளே சுவாமியார் மேசைக்குப் பின்னால் இருந்தார். என் பெயர், ஞானஸ்நானம் பெற்ற கோயில் எல்லாம் கேட்டுவிட்டு, புத்தகத்திலிருந்து வாசிப்பவர் போல, "எவருடைய கட்டாயமும் இன்றி, உன் சொந்த மனதோடு இந்த விவாகத்திற்குச் சம்மதிக்கிறாயா?" என்றார்.

"இல்ல சுவாமி."

அவர் பேனாவை வைத்தார். மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. காரணம் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியாது. அவர் கேட்கவில்லை. இல்லை என்பதே போதும், அதற்கு மேல் கேட்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். நான் எழுந்திருக்கவில்லை. இந்தக் கதவைத் திறந்து வெளியே போனதும் நான் வேறு ஆளாகிவிடுவேன் என்பது தெரிந்திருந்தது. இந்தக் கதிரையில் இருக்கும்வரைதான் நான் நேற்றுவரை இருந்த பெண்.

பயிற்சிப் பள்ளிக்கூடத்துக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும் என்றேன். இப்போதே.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். அதற்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"இன்றுவரை நான் அறிந்ததை எழுதலாம். நாளை ஊரார் சொல்லப்போவதை நான் இன்னும் கேட்கவில்லையே."

எழுதினார். திகதி போட்டார். முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் விறாந்தை வரை கேட்டிருக்கும். ஓலைக்குப் பதிந்தாயிற்று என்று டொக்டரம்மா நினைத்திருப்பார். காகிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். பிறகுதான் சுவாமியார் எழுந்து வந்து கதவைத் திறந்து, ஓலை வாசிக்கப்படாது என்று டொக்டரம்மாவிடம் சொன்னார்.

டொக்டரம்மா சத்தம் போடவில்லை. திரும்பும்போது ரிக்‌ஷாவில் வாவி முடியும்வரை ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "நீர் ஆருக்குக் குழி வெட்டியிருக்கிறீர் எண்டு உமக்கு விளங்குதோ?" என்றார். பொழுது சாயுமுன் என் பெட்டி வெளியே போய்விட வேண்டும், லேஸ் சேலை இங்கேயே இருக்க வேண்டும் என்றார்.

பெட்டி கட்டும்போது அக்கா வந்து கதவருகில் நின்றாள். திட்டத்தைக் கெடுத்தேன் என்று திட்டுவாள் என எதிர்பார்த்தேன். டீமேக்கர் என்ன சொன்னார் என்றுதான் கேட்டாள். நடையில் அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பொய் என்றாள். நான் சேலையை மடித்தேன். மழை விட்டு, ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொருக்காச் சொல்லும்."

சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வந்து, என் கையிலிருந்த லேஸ் சேலையை வாங்கி, கவனமாகத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். டீமேக்கர் அதன்பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. கொஞ்ச காலத்தில் வேறு தோட்டத்துக்கு மாறிப்போய், ஒரு கங்காணியின் மகளைக் கட்டினதாகக் கேள்வி. அங்கே நின்றது.

என்னைப் பற்றிய கதை அடுத்த ஞாயிறே கோயில் வாசலில் கிடைத்தது. எனக்கு வேறொரு தொடர்பு இருந்ததாம். நல்ல மாப்பிள்ளையை அதனால் வேண்டாமென்றேனாம். அப்பா பல மாதம் என்னோடு பேசவில்லை. கதிரையும் எடுத்துப் போடவில்லை. பயிற்சிப் பள்ளிக்கூடத்தின் தாயாருக்கும் அந்தக் கதை போய்ச் சேர்ந்திருந்தது. அவர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, திகதியைப் பார்த்து, முத்திரையைப் பார்த்து, என்னையும் பார்த்தார். சுவாமியார் எழுதிக் கொடுத்ததற்கு எதிராக வாய்ப்பேச்சை ஏற்க வழியில்லை. சேர்த்துக்கொண்டார். நான் விதிகளை விரும்பத் தொடங்கியது அப்போதுதான்.

ஆனால் மறைப்பு விலகிவிட்டதே. காட்டுக்குப் போனது எனக்காக இல்லையென்றால் யாருக்காக என்று ஊர் மெதுவாகக் கணக்குப் போடத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தார் நத்தாருக்கு வந்தார்கள். எதையோ கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்கள். சீதனப் பேச்சு மறுபடி முதலிலிருந்து நடந்தது. கடைசியில் அக்காவுக்கும் அந்தச் சட்டம் படித்தவருக்கும் கலியாணம் ஆயிற்று. மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. கதவைச் சாத்திக் கேட்டபோது அவள் என்ன சொன்னாள் என்பது சுவாமியாருக்கு மட்டும் தெரியும்.

முப்பதுகளின் கடைசியில், நான் ஆசிரியையாகி, பரீட்சை வேலையாக யாழ்ப்பாணம் போயிருந்தபோது அவள் வீட்டைத் தேடிப் போனேன். ஏன் போனேன் என்று என்னையே கேட்டுக்கொண்டுதான் வாசல் படலையைத் தட்டினேன். பெரிய வீடு, ஒரு சத்தமும் இல்லை. அவள் மெலிந்திருந்தாள். முன்கூடத்தில் ஜன்னலோரமாக இரண்டு கதிரைகள். சுவரோரமாக மூன்றாவது. அதில் புருஷனின் மாமி முறையான ஒரு கிழவி, கையில் பின்னல் வேலையோடு. கலியாணமான மறுநாளிலிருந்தே இங்கே இருப்பதாகக் கிழவியே பெருமையாகச் சொன்னாள். தம்பி வழக்குப் பேசக் கோட்டுக்குப் போற நேரத்தில பிள்ளை தனியா இருக்கக் கூடாதாம்.

நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம். யாழ்ப்பாணத்தில் மழை குறைவு என்றாள் அக்கா. நான் ஆமாம் என்றேன். பேச்சு நின்றது. கிழவி இருமினாள். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "கண்டியில பிள்ளையோட இருந்தது நீர்தானோ?" என்றாள்.

"இல்லை மாமி, இவ படிப்பிக்கிற ரீச்சர்" என்றாள் அக்கா, நான் வாய் திறக்குமுன். என்னைப் பார்க்காமல்.

அந்த இருவரும் ஒருத்தியே என்று நான் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்து விடைபெற்றேன். படலைவரை வந்து வழியனுப்ப அவள் எழுந்தாள். மூன்றாவது கதிரையும் கூடவே எழுந்தது.